பூச்சி மாத்திரை சாப்பிட்ட பிறகும் புழு முட்டை இருக்கிறதே, ஏன்?

கேள்வி:
என் பெண்ணுக்கு எட்டு வயது. போன மாதம் பள்ளியில் எல்லாருக்கும் கொடுத்த அல்பெண்டசோல் 400 மி.கி. மாத்திரையை நன்றாக மென்றுதான் சாப்பிட்டாள். வயிற்றுவலி நிற்கவில்லையே என்று இந்த வாரம் மலப் பரிசோதனை செய்தால், சாட்டைப்புழு முட்டை இருப்பதாக ரிப்போர்ட் வந்திருக்கிறது. மருந்து வேலை செய்யவில்லையா, இல்லை அதற்குள் மறுபடி தொற்றிவிட்டதா?

பதில் 1:
புதுத் தொற்றாக இருக்காது. சாட்டைப்புழு உள்ளே போய் வளர்ந்து முட்டையிடவே இரண்டு மூன்று மாதம் ஆகும், அதனால் இது பழைய புழுதான். ஒரே மாத்திரை எல்லாப் புழுவையும் ஒரே மாதிரி கொல்லாது என்பதைப் பலர் சொல்வதே இல்லை. உருண்டைப்புழு ஒரு வேளை அல்பெண்டசோலிலேயே பத்தில் ஒன்பது பேருக்குப் போய்விடும், கொக்கிப்புழுவும் பெரும்பாலும் போகும். சாட்டைப்புழுவோ பெருங்குடல் சுவருக்குள் தன் மெல்லிய முன்பகுதியைச் செருகிக்கொண்டு கிடக்கும், ஒரு வேளை மருந்தில் முழுதாகக் குணமாவது பத்தில் மூன்று பேர்தான். மற்றவர்களுக்கும் பெரும்பாலும் முட்டை எண்ணிக்கை குறையும், அவ்வளவே. டாக்டரிடம் ரிப்போர்ட்டைக் காட்டுங்கள், பொதுவாக மூன்று நாள் மருந்து கொடுப்பார்கள், சில சமயம் ஐவர்மெக்டின் என்ற இன்னொரு புழு மருந்தும் சேர்ப்பார்கள். நீங்களாக இன்னொரு மாத்திரை வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

பதில் 2:
பள்ளியில் கொடுப்பதே வீண் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எல்லாருக்கும் மொத்தமாகக் கொடுத்தால் எடையோ படிப்போ பெரிதாக முன்னேறுவதில்லை என்று, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்பே சொல்கிறது.

பதில் 3:
அந்த முடிவு எல்லாப் பிள்ளைகளின் சராசரி, அதில் புழுவே இல்லாத பிள்ளைகளும் சேர்ந்திருக்கிறார்கள். புழு இருப்பது தெரிந்த பிள்ளைக்கு மருந்து கொடுத்தால் எடை கூடலாம் என்று அதே தொகுப்பின் 2015 பதிப்பில் இருக்கிறது. பிள்ளைகளில் 20 சதவீதத்துக்கு மேல் தொற்று உள்ள இடங்களில் வருடத்துக்கு ஒரு முறை, 50-க்கு மேல் போனால் இரண்டு முறை கொடுக்க உலக சுகாதார நிறுவனம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: மண்ணில் முட்டை கிடக்கும்வரை மறுபடி தொற்றும், மாத்திரை அதைத் தடுக்காது.

கேட்டவர்:
நன்றி. மூன்று நாள் மருந்து முடிந்ததும் உடனே பரிசோதிக்கலாமா?

பதில் 1:
உடனே வேண்டாம், இரண்டு மூன்று வாரம் விட்டுப் பாருங்கள். அப்புறம், வீட்டில் மற்ற பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் சேர்த்துப் பரிசோதித்துவிடுங்கள்.