சண்டை வந்தால் விலக்கிவிட யார்? சேர்ந்து வாழும் பெண் ஜோடிகள் சொல்வது

மடிப்பாக்கம்காரி:
நானும் அவளும் பத்து வருஷத்துக்கு மேல் ஒரே வீட்டில் இருக்கிறோம். "எப்படிக்கா இத்தனை வருஷம்?" என்று கேட்கிற சின்னப் பெண்களுக்குக் காதல், புரிதல் என்று சொன்னால் பிடிக்கும். என்னைக் கேட்டால், எங்களுக்குச் சண்டை விலக்க ஓர் ஆள் கிடைத்தார், அதுதான் காரணம்.

என் அண்ணிக்குக் கோபம் வந்தால் அம்மா வீட்டுக்குப் போவாள். மறுநாள் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி அனுப்பிவைப்பார்கள். நாங்கள் எங்கே போவது? இரண்டு வீட்டுக்கும் நாங்கள் வெறும் 'ரூம்மேட்'. "உங்கள் பெண் என்னோடு பேசமாட்டேன் என்கிறாள்" என்று அவள் அப்பாவிடம் போய் நிற்க முடியுமா? நின்றால் அடுத்த முகூர்த்தத்திலேயே மாப்பிள்ளை தயாராக இருப்பான்.

தாம்பரத்தில் இருக்கும் அவள் சித்தியிடம் மட்டும் துணிந்து சொன்னோம். அதிர்ச்சியும் இல்லை, ஆசீர்வாதமும் இல்லை. சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். அப்புறம் ஒருமுறை, அவள் என்னைக் கேட்காமல் தம்பிக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருந்தது தெரிந்து, வீட்டில் பேச்சே நின்றுபோயிருந்தது. சித்தி வந்தார். மொச்சையை உரித்துக்கொண்டே எங்கள் இருவர் சம்பளத்தையும் செலவையும் சொல்லச்சொல்லிக் கேட்டார். பிறகு அவளிடம், "இவ உனக்கு என்ன முறைன்னு எனக்குச் சொல்லத் தெரியல. ஆனா இது ரெண்டு பேர் காசு. கேக்காம அனுப்பாதே" என்றார். என் பக்கம் திரும்பி, "நீயும் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காதே" என்றார். எந்த கவுன்சிலரும் அவ்வளவு சீக்கிரம் தீர்ப்பு சொல்லியிருக்கமாட்டார்.

கோவைக் குருவி:
சித்தி எல்லோருக்கும் கிடைக்கமாட்டார். எங்களைக் காப்பாற்றியது காகிதம். வீடு என் பெயரில். எந்தச் சண்டையும் கடைசியில் "உன் வீடுதானே, நான் போறேன்" என்றுதான் முடியும். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஒரே பாலின ஜோடிகளுக்குத் திருமண உரிமை இல்லை என்று சொன்னபின் உட்கார்ந்து யோசித்தோம். கல்யாணம் ஆகாத இந்துப் பெண் நான். உயில் எழுதாமல் செத்தால் சொத்து முதலில் என் அம்மா அப்பாவுக்குத்தான் போகும். வீட்டுக்கு என் துணை கட்டிய தவணைக்குக் கணக்கே இருக்காது.

2024 ஆகஸ்டில், எங்களைப் போன்ற ஜோடிகள் கூட்டுக் கணக்கு தொடங்கவும் துணையை நாமினியாகப் போடவும் தடையில்லை என்று நிதி அமைச்சகம் தெளிவுபடுத்தியது. அதை அச்செடுத்துக் கொண்டுபோனோம். "என்ன உறவு?" என்று அதிகாரி இரண்டுமுறை கேட்டார். இரண்டுமுறையும் "துணை" என்றேன். கணக்கு திறந்தாயிற்று. ஆனால் நாமினி பணத்தை வாங்கித் தரும் ஆள்தான், உரிமையாளர் இல்லை. அதனால் உயிலும் எழுதிப் பதிவு செய்தோம். "உன் வீடுதானே" அதோடு நின்றது. (பாத்திரம் கழுவுகிற சண்டைக்கு மட்டும் எந்தப் பத்திரமும் உதவவில்லை.)

வைகைக்கரை:
நீங்கள் இருவரும் பல வருஷம் தாண்டியவர்கள். எங்களுக்கு முதல் வருஷமே போலீஸ் ஸ்டேஷன். அவள் வீட்டில் 'காணவில்லை' என்று புகார். 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தந்த உத்தரவு கையில் இருந்தது. மதுரையிலிருந்து சென்னைக்குப் போன இரண்டு பெண்கள் போட்ட வழக்கு அது. வயது வந்தவர்கள் விருப்பத்தோடுதான் சேர்ந்திருக்கிறார்கள் என்றால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு தொந்தரவில்லாமல் புகாரை முடிக்க வேண்டும் என்கிறது. முடித்தார்கள், முகம் சுளித்துக்கொண்டே.

எங்களுக்குச் சித்தி இல்லை. இன்னொரு பெண் ஜோடிதான் பஞ்சாயத்து. அதில் ஒரு சிக்கல்: நம் வட்டம் சின்னது, அந்த ஜோடியில் ஒருத்தி என் பழைய காதலி. அதனால் என் புகாரை மற்றவளிடம்தான் சொல்வேன். இவள் புகாரை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம். இது அநியாயம் என்று நேற்றுகூடச் சொன்னேன், மூன்று பேரும் சிரிக்கிறார்கள்.