ஆறு பேர் கொண்ட குழுவுக்குக் குபெர்னெட்டிஸ் இப்போதே தேவையா?

வினா:
வணக்கம். மருந்து மொத்த வணிக நிறுவனம் ஒன்றின் மென்பொருள் பிரிவில் பணிபுரிகிறேன். ஆர்டர், இருப்பு, பில் ஆகிய மூன்றையும் கையாளும் எங்கள் ஜாவா செயலி, 11 ஆண்டுகளாக அலுவலகத்திலுள்ள ஒரு சர்வரில் ஓடுகிறது. இன்னொரு சர்வர் அவசரத்துக்காக நிற்கிறது. புதிய பதிப்பை ஞாயிறு இரவில் ஒரே ஒருவர் கையால் நகலெடுத்து ஏற்றுகிறார். அவர் விடுப்பில் சென்றால் வெளியீடும் தள்ளிப்போகிறது. மாத இறுதி நெரிசலில் செயலி திணறுவதால், அனைத்தையும் மைக்ரோசர்வீஸ்கள் எனும் தனித்தனிச் சிறு சேவைகளாகப் பிரித்து, அவற்றைப் பல சர்வர்களில் தானாக நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸில் ஓட்ட வேண்டும் என்று நிர்வாகம் விரும்புகிறது. குழுவில் ஆறு பேர்தான் இருக்கிறோம். எங்கிருந்து தொடங்குவது?

மறுமொழி 1:
அந்த ஞாயிறு இரவிலிருந்து தொடங்குங்கள். 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்கப் பங்கு வணிக நிறுவனமான நைட் கேப்பிட்டலில், எட்டு சர்வர்களில் ஒன்றில் மட்டும் புதிய நிரலை ஏற்றாமல் விட்டுவிட்டார்கள். அதில் எஞ்சியிருந்த பழைய நிரல் விழித்துக்கொண்டதால் 45 நிமிடங்களில் 44 கோடி டாலருக்கு மேல் இழப்பு ஏற்பட்டது. சோதனை, கன்டெய்னர் (செயலியையும் அது ஓடத் தேவையானவற்றையும் சேர்த்துக் கட்டிய பொதி) உருவாக்கம், வெளியீடு, பழைய பதிப்புக்குத் திரும்புதல் ஆகிய நான்கும் குழுவில் எவர் வேண்டுமானாலும் ஒரே கட்டளையில் செய்யக்கூடியவையாக மாறாதவரை, வேறு எதையும் தொட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

அதன்பின், செயலி தன் சர்வரின் வட்டிலும் நினைவகத்திலும் எதையெல்லாம் பதுக்கி வைத்திருக்கிறது என்று தேடுங்கள். கன்டெய்னர் எந்த நேரத்திலும் நிறுத்தப்பட்டு வேறிடத்தில் மீண்டும் எழுப்பப்படலாம் என்பதால், பில் பிடிஎஃப்கள், லாகின் செஷன்கள், கடவுச்சொற்கள் ஆகிய எவையும் அதற்குள் தங்கக் கூடாது.

மறுமொழி 2:
அவசரப்பட வேண்டாம் என்று நிர்வாகத்திடம் எடுத்துச் சொல்ல இரண்டு சான்றுகள் உதவும். 2008 ஆகஸ்டில் தரவுத்தளம் பழுதாகி, மூன்று நாட்கள் டிவிடி அனுப்ப முடியாமல் தவித்த நெட்ஃபிளிக்ஸ், அதன்பின்னரே கிளவுடுக்கு மாறத் தொடங்கியது. அவ்வளவு பெரிய பொறியாளர் படை இருந்தும் 2016 ஜனவரியில்தான் அந்தப் பணி முடிந்தது. மறுபுறம், அமேசான் பிரைம் வீடியோவின் ஒரு குழு, ஒளி, ஒலித் தரத்தைக் கண்காணிக்கும் தன் கருவியைச் சிறு சேவைகளாகப் பிரித்திருந்ததைக் கைவிட்டு ஒரே செயலியாக இணைத்ததால், அதன் செலவு 90 சதவீதத்துக்கு மேல் குறைந்ததாக 2023இல் எழுதியது. குபெர்னெட்டிஸில் ஆண்டுக்கு மூன்று பதிப்புகள் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 14 மாத ஆதரவே உண்டு. அந்த மேம்படுத்தும் வேலையை உங்கள் ஆறு பேரில் யார் சுமப்பது?

வினா எழுப்பியவர்:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. தேடியதில் ஓர் அதிர்ச்சி காத்திருந்தது: அடுத்த பில் எண்ணைச் செயலி தன் நினைவகத்திலேயே எண்ணிவருகிறது. இரண்டாவது நகலை ஓட்டினால் ஒரே எண்ணில் இரண்டு பில்கள் வரும். இத்தனை ஆண்டுகளாக இரண்டாவது சர்வர் சும்மா நின்றதன் காரணம் இப்போதுதான் புரிகிறது. அடுத்தடுத்த எண்களைத் தானே தரும் தரவுத்தளத்தின் சீக்வென்ஸ் வசதியைப் பயன்படுத்தலாமா?

மறுமொழி 1:
வேண்டாம். தரவுத்தளப் பரிவர்த்தனை (முழுதாக நிறைவேறும் அல்லது முழுதாக ரத்தாகும் பதிவுத் தொகுப்பு) பாதியில் ரத்தானால் சீக்வென்ஸ் கொடுத்த எண் திரும்பி வராது. ஜிஎஸ்டி விதிப்படி பில் எண்கள் தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்பதால், இடைவெளிகளுக்குத் தணிக்கையாளர் விளக்கம் கேட்பார். நிதியாண்டுக்கு ஒரு வரிசை (row) கொண்ட தனி அட்டவணை வைத்து, பில்லைப் பதியும் அதே பரிவர்த்தனைக்குள் அந்த வரிசையை வேறெதுவும் அதே நேரத்தில் மாற்றாதபடி பூட்டி எண்ணைக் கூட்டுங்கள். அந்தப் பூட்டைப் பரிவர்த்தனையின் கடைசிக் கட்டத்தில் மட்டும் போட்டால் மாத இறுதியிலும் காத்திருப்பு நீளாது. இது சரியானதும் இரண்டு சர்வர்களிலும் செயலியை ஓட்டிப் பாருங்கள். குபெர்னெட்டிஸ் தேவையா என்பதை அந்த மாத இறுதி நிலவரத்தை வைத்து நிர்வாகத்துடன் பேசலாம்.