மறு: பிளட் ஹார்மனிக்கு என்ன சொல்? ‘கிளையிசை’ சரிவருமா?

வணக்கம்.

சீக்ரெட் சிஸ்டர்ஸ் என்ற அமெரிக்கப் பாடகிச் சகோதரிகள் பற்றித் தமிழில் எழுதிக்கொண்டிருந்தபோது ஒரே ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டுதான் இங்கே கேட்டேன். பிளட் ஹார்மனி, அதாவது ஒரே குடும்பத்தார் வேறு வேறு சுரங்களில் பாடும்போது குரல்கள் ஒன்றாய் இழைவது; அதற்குத் தமிழில் என்ன சொல், நான் யோசித்த ‘கிளையிசை’ சரிவருமா என்பதே கேள்வி. இத்தனை மடல்கள் வரும் என்று நினைக்கவில்லை. வரிசைப்படி இல்லாமல், தோன்றியபடி பதில் சொல்கிறேன்.

> ‘குருதி இசைவு’ என்று நேராகவே சொல்லிவிடலாமே?

நேராகத்தான் இருக்கிறது. ஆனால் குருதி என்றதும் கொடை முகாம்தான் கண்முன் வருகிறது. ‘இரத்த பாசம்’ என்கிறோமே என்று கேட்பீர்கள். சரி, ‘இரத்த இசை’ என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பேய்ப்படத் தலைப்பு!

> உடன்பிறந்தவர்கள் பாடுவதுதானே, ‘உடன்பிறப்பிசை’ போதாதா?

உடன்பிறப்பு என்றாலே எனக்கு மேடைப் பேச்சு காதில் விழுகிறது. அது என் குறையாகவே இருக்கட்டும். பொருளிலேயே ஒரு சிக்கல் உண்டு. கன்ட்ரி என்ற அமெரிக்க இசைவகையில் பெரும்புகழ் பெற்ற ஜட்ஸ், தாயும் மகளும். நயோமி, வைனோனா இருவரையும் அக்கா தங்கை என்று நினைத்தவர்கள் நிறைய. அவர்கள் குரல்கள் சேர்வதையும் இதே பெயரால்தான் சொல்கிறார்கள். ஆகவே, சொல் உடன்பிறப்போடு நின்றுவிடக் கூடாது.

மறுபக்கம் டேவிஸ் சிஸ்டர்ஸ் என்ற இருவர் குழு. பெயரில்தான் சகோதரிகள். ஸ்கீட்டர் டேவிஸின் இயற்பெயர் மேரி பிரான்சஸ் பெனிக். பெட்டி ஜாக் டேவிஸ் அவருடைய கென்டக்கிப் பள்ளித்தோழி. 1953இல் இவர்கள் பாட்டு ஒன்று கன்ட்ரி பட்டியலில் எட்டு வாரம் முதலிடத்தில் இருந்தது. அந்த வெற்றியைப் பார்க்கப் பெட்டி ஜாக் உயிரோடு இல்லை. அவ்வாண்டு ஆகஸ்ட் 2ஆம் தேதி கார் விபத்தில் இறந்துபோனார். அப்புறம் அவருடைய சொந்த சகோதரி ஜார்ஜியா வந்து ஸ்கீட்டருடன் பாடினார். அந்த இணையிலும் இருவருக்குள் உறவில்லை! குரல்கள் எவ்வளவு அழகாகச் சேர்ந்தாலும் இதற்கு நாம் தேடும் சொல்லைப் போட முடியாது.

> ஒத்திசைவு என்ற பழகிய சொல் இருக்க, தனிச்சொல் எதற்கு?

எதற்கு என்பது சீக்ரெட் சிஸ்டர்ஸ் கதையிலேயே இருக்கிறது. லாரா ரோஜர்ஸ், லிடியா ரோஜர்ஸ் இருவரும் அலபாமாவில் மசில் ஷோல்ஸ் பக்கத்துக்காரர்கள். ஃபேம் ஸ்டுடியோவால் உலகப் பெயர் பெற்ற ஊர் அது. ஆனால் இவர்கள் பாட்டுப் பழகியது ஸ்டுடியோவில் இல்லை, வழிபாட்டில் வாத்தியமே சேர்க்காத ஒரு தேவாலயத்தில். பிடித்துக்கொள்ள ஆர்மோனியமோ கிட்டாரோ கிடையாது; பக்கத்தில் நிற்பவரின் குரல்தான் சுருதிப்பெட்டி. ஒரே வீட்டில் வளர்ந்தவர்களுக்கு உயிரெழுத்துக்கு வாய் திறக்கிற விதமும் சொல்லை முடிக்கிற இடமும் ஒன்றுபோல் ஆகிவிடுகின்றன. தொண்டை வாகும் ஒத்துப்போனால், இரண்டு வேறு சுரங்கள் ஒரே ஆளிடமிருந்து வருவதுபோல் கேட்கும். பயிற்சியால் யாரும் பெறக்கூடியது ஒத்திசைவு. இது வீட்டிலிருந்து வருவது.

2010இல் முதல் தொகுப்பு, பெரும்பாலும் பழைய பாடல்கள். 2014இல் டி போன் பர்னெட் தயாரிப்பில் இரண்டாவது. அதில் பாப் டிலன் முடிக்காமல் விட்ட பாட்டு ஒன்றை இவர்கள் முடித்துப் பாடினார்கள். இதற்கு மேல் என்ன வேண்டும் என்று தோன்றும். ஆனால் தொகுப்பு எதிர்பார்த்தபடி போகவில்லை. நிறுவனம் கைவிட்டது, வழக்கு வந்தது, திவால் வரை போய், பாட்டையே விட்டுவிடலாமா என்ற நிலை. பாடகி பிராண்டி கார்லைல் தயாரிக்க முன்வந்தார். ரசிகர்கள் பணம் போட, 2017இல் மூன்றாவது தொகுப்பு வந்து கிராமி பரிந்துரை வரை போனது.

எனக்கு முக்கியம் 2020 தொகுப்பு. கார்லைல் இருவரையும் தனித்தனியாகப் பாட வைத்தார். உடன் தயாரித்த ஹான்சரத் சகோதரர்கள் இரட்டையர்கள் என்பது ஒரு வேடிக்கை. பத்தாண்டு ஒட்டியே கேட்ட குரல்கள் பிரிந்து ஒலித்து மறுபடி சேரும் இடத்தை எழுதும்போதுதான் எனக்குச் சொல் கிடைக்காமல் போனது. ‘ஒத்திசைந்தன’ என்று எழுதினேன். உப்பில்லை.

இனி ‘கிளையிசை’. கேளும் கிளையும் என்கிறோம். கிளைஞர் என்றால் உறவினர். தாய்-மகளும் அடங்குவார்கள், பள்ளித்தோழிகள் அடங்க மாட்டார்கள். அதோடு சிலப்பதிகார வேனிற்காதையில் இணை, கிளை, பகை, நட்பு என்று நரம்புகளுக்குள், அதாவது சுரங்களுக்குள், நாலு உறவு வருகிறது. கிளை என்பது ஐந்தாம் நரம்பு, ச-வுக்குப் ப. உறவுக்கும் இசைக்கும் ஒரே சொல் இப்படித் தயாராகக் கிடப்பது அபூர்வம்.

> வங்கிக் கிளை ஞாபகம் வராதா?

வரும். ‘இசை’ ஒட்டியதும் போய்விடும்.

எனக்கு உறுத்துவது வேறு. இந்தச் சகோதரிகள் மாதிரியானவர்கள் பெரும்பாலும் ஒருவர் ச பிடித்தால் மற்றவர் க பிடிப்பார்கள். அது மூன்றாம் நரம்பு. உரைகாரர் கணக்கில் மூன்றும் ஆறும் பகை! அக்கா தங்கை பாட்டைப் ‘பகையிசை’ என்று எழுதச் சொல்வீர்களா? சில வீடுகளுக்குப் பொருந்தலாம். நம் கலைச்சொல்லில் கிளை என்பதை உறவு என்ற பொருளில் மட்டும் எடுத்து, நரம்புக் கணக்கை விளக்கத்தில் வைத்துவிடலாம் என்பது என் கட்சி.

பம்பாய் சகோதரிகள், சூலமங்கலம் சகோதரிகளுக்கும் இது பொருந்துமா என்று ஒருவர் கேட்டிருந்தார். அவர்கள் பாடியது ஒரே சுரத்தை. கிளை உண்டு, ஆனால் நான் சொல்லும் சுர அடுக்கு இல்லை. அங்கே ‘சேர்ந்து பாடுதல்’ என்றாலே போதும்.

கன்ட்ரியை ‘நாட்டுப்புற இசை’ ஆக்காதீர்கள் என்பது என் தாழ்மையான வேண்டுகோள். அது ஃபோக். கன்ட்ரி என்று அப்படியே இருக்கட்டும். சீக்ரெட் சிஸ்டர்ஸுக்குக் கிராமி பரிந்துரை வந்ததே ஃபோக் பிரிவில்தான் என்று யாரோ மடக்கப் போகிறீர்கள், தெரியும்.

மறுப்பு இருந்தால் வெள்ளிக்குள் எழுதுங்கள், அன்று கட்டுரையை அனுப்ப வேண்டும். சுரங்களை நெருக்கமாக அடுக்கிப் பாடும் குளோஸ் ஹார்மனிக்குச் சொல் தேடுபவர்கள் தயவுசெய்து தனி இழை தொடங்குங்கள்.

அன்புடன்.