உப்பிய பவர் பேங்க்கை வேலூரில் எங்கே ஒப்படைப்பது?

காட்பாடியில் இருக்கிறேன். வீட்டில் ஒரு பவர் பேங்க் உப்பிக் கிடக்கிறது, வாங்கிக்கொள்ள ஆளில்லை.

20,000 எம்.ஏ.எச்., லித்தியம் பாலிமர், 2023இல் வாங்கியது. ஏப்ரல் வரை ஒழுங்காக இருந்தது. மே வெயிலில் சார்ஜ் ஏறும்போது கை வைக்க முடியாத சூடு. பிறகு மூடி பிளந்து நடுவில் மேடு தட்டியது. லேசாக நகப்பூச்சு வாடை வருகிறது. புகை இல்லை. பாதிக்கு மேல் சார்ஜ் இருப்பதாக விளக்கு காட்டுகிறது, அதுதான் பயம்.

வாங்கிய கடையில் வாரண்டி முடிந்தது என்று கைவிரித்தார்கள். சர்வீஸ் சென்டர் கூரியரில் அனுப்பச் சொல்கிறது. சேதமான லித்தியம் பேட்டரியைக் கூரியர்காரர் தொட மறுக்கிறார், அவர் சொல்வதும் நியாயம். குப்பை வண்டியில் போட்டால், நசுங்கி உள்ளே ஷார்ட் ஆகி வண்டியே பற்றிக்கொள்ளலாம். பழைய இரும்புக் கடைக்காரர் சுத்தியலை எடுத்தார், பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது மொட்டை மாடி நிழலில், மண் சட்டியில் மணலுக்குள் இருக்கிறது. துளை போடுங்கள் என்ற யோசனை மட்டும் வேண்டாம்.

பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், 2022இன்படி கழிவு பேட்டரிக்கு உற்பத்தியாளரே பொறுப்பு. ஏட்டில் சரி. வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் வட்டாரத்தில் உப்பிய லித்தியம் பேட்டரியை நேரில் வாங்கிக்கொள்ளும் இடம் எது?