எந்த இரண்டு மாநிலங்களுக்கு நடுவே எல்லை அழகாக இருக்கும்? (அப்பாவுக்காகக் கேட்கிறேன்)

போய்சி_வாசி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் இருப்பது ஐடஹோவில், போய்சி நகரத்தில். ஊரிலிருந்து அப்பா வந்து மூன்று வாரம் ஆகிறது. அரசு சர்வேயராக இருந்து ரிடையர் ஆனவர். விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு வரும் வழியிலேயே "இங்க நிலத்துக்குப் புல எண் எப்படிக் குடுக்குறாங்க?" என்று ஆரம்பித்துவிட்டார். நயாகரா, நியூயார்க் எல்லாம் போட்டோவில் காட்டினேன். தலையாட்டினார், அவ்வளவுதான். இரண்டு நாள் கழித்து அவராகவே, "ஏதாவது ஒரு மாநில எல்லையைக் காட்டும்மா" என்றார்.

சரி என்று போன சனிக்கிழமை ஐ-84 நெடுஞ்சாலையில் மேற்கே ஒரு மணி நேரம் ஓட்டி ஓரிகன் எல்லைக்குக் கூட்டிப் போனேன். அங்கே ஸ்னேக் ஆறுதான் எல்லை. பாலத்தில் ஏறி இறங்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. இந்தப் பக்கம் வெங்காய வயல், அந்தப் பக்கமும் வெங்காய வயல். ஒரு வரவேற்புப் பலகை. அப்பா பின்னால் திரும்பிப் பார்த்து, "கல் எங்க?" என்றார். அடுத்து, "மணியாவது மாறும்னியே?" என்றார். அதுவும் மாறவில்லை! எல்லையை ஒட்டிய மேல்ஹியூர் கவுண்ட்டி பெரும்பாலும் நம் ஐடஹோ நேரத்தில்தான் ஓடுகிறதாம். வீட்டுக்கு வந்து தேடியபோதுதான் தெரிந்தது.

ஜூலையில் எனக்கு நாலு நாள் விடுமுறை இருக்கிறது. பார்த்ததும் "அடடா, இது எல்லை" என்று சொல்லும்படி ஒரே ஒரு இடம் சொல்லுங்கள். அப்பாவுக்கு முட்டிவலி, கால் மணி நேரத்துக்கு மேல் நடக்க முடியாது. காரில் எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் உட்காருவார். கூடப் பதினொரு வயதுப் பையன் ஒருவன்.

மணல்_வீடு எழுதியது:

இதில் என்ன யோசனை? ஃபோர் கார்னர்ஸ் போங்க. யூட்டா, கொலராடோ, நியூ மெக்சிகோ, அரிசோனா நாலும் ஒரே புள்ளியில் சேரும். அமெரிக்காவிலேயே நாலு மாநிலம் சேரும் இடம் அது ஒன்றுதான். கையொன்று காலொன்றாக நாலு மாநிலத்தில் வைத்து போட்டோ எடுக்கலாம். பையனுக்குப் பிடிக்கும்.

பதினெட்டு_சக்கரம் எழுதியது:

தங்கச்சி, நான் லாரிக்காரன். நீண்ட தூரச் சரக்கு. மேற்கு மாநிலங்களில் நான் தாண்டாத எல்லை குறைவு. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மணல்_வீடு சொன்ன இடத்தை முதலில் முடித்துவிடுகிறேன். ஃபோர் கார்னர்ஸில் பார்க்க ஒன்றுமில்லை. பொட்டல், காற்று, புழுதி, நடுவில் ஒரு வெண்கலத் தட்டு, தட்டைச் சுற்றி வரிசை. ஆனால் உங்கள் அப்பாவுக்கு அதன் கதை பிடிக்கும். 1875இல் அளந்து கல் நட்டார்கள். இன்றைய கருவிகளை வைத்துப் பார்த்தால், நினைத்த இடத்துக்குச் சுமார் 1,800 அடி கிழக்கே தள்ளி நட்டிருக்கிறார்கள். அதற்காக எல்லையை நகர்த்தவில்லை. அளந்து நட்ட கல்லை எல்லாரும் ஏற்றுக்கொண்டுவிட்டால், கல் நிற்கும் இடம்தான் எல்லை. நியூ மெக்சிகோவும் கொலராடோவும் கோர்ட்டுக்குப் போனபோது 1925இல் உச்ச நீதிமன்றமும் அதைத்தான் சொன்னது. இதை வீட்டில் உட்கார்ந்தே அவருக்குச் சொல்லிவிடலாம், அதற்காக வெயிலில் நிற்க வேண்டாம்.

அந்தப் பக்கம் போனால் கடிகாரத்தையும் நம்பாதீர்கள். அரிசோனாவில் கோடை நேரம் கிடையாது. அதற்குள்ளேயே இருக்கும் நவஹோ நிலத்தில் உண்டு. இது தெரியாமல் ஒரு தடவை எட்டு மணிக்குச் சரக்கு இறக்க ஏழு மணிக்கே போய், பூட்டிய கேட்டுக்கு வெளியே காய்ந்திருக்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கொலம்பியா ஆற்றுப் பள்ளத்தாக்கு. வடகரை வாஷிங்டன், தென்கரை ஓரிகன். சுமார் 80 மைல் நீளம், சில இடங்களில் 4,000 அடி ஆழம். பனியுக முடிவில் மொன்டானா பக்கம் பனிக்கட்டி அணை உடைந்து உடைந்து வந்த வெள்ளம் அரித்த பள்ளம் அது. கேஸ்கேட் மலைத்தொடரையே குறுக்கே அறுத்துக்கொண்டு போகிறது அந்த ஆறு.

ஏழு வருடம் ஓரிகன் கரையில், ஐ-84இல்தான் போய் வந்தேன். சாலை ஆற்றை ஒட்டியே போகும். தலைக்கு மேல் பாறை. அண்ணாந்து பார்த்தால் வண்டி லேன் மாறிவிடும். மல்ட்னோமா அருவி 620 அடி உயரம். எனக்கு அது பக்கக் கண்ணாடியில் ஒரு வெள்ளைக் கீற்று, மூன்று விநாடி. இவ்வளவுதான் என் கொலம்பியா. பார்த்தவர்கள் ஆஹா ஓஹோ என்றால் எனக்கு ஒன்றும் விளங்காது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சொந்தக் காரில் எதிர்க்கரைக்குப் போனேன். வாஷிங்டன் மாநில நெடுஞ்சாலை 14. குறுகல், வளைவு, நடுநடுவே சின்னச் சின்னச் சுரங்கம். கேப் ஹார்ன் என்று ஒரு திருப்பம், ஓரத்தில் நாலைந்து கார் நிறுத்தத்தான் இடம். இறங்கித் தடுப்புச் சுவரோரம் நின்றேன். ஏழு வருடமாக நான் அடியில் ஊர்ந்துகொண்டிருந்த மலை முழுசாக எதிரே நிற்கிறது. ஐ-84 ஒரு நூல். அந்த நூலில் ஒரு லாரி போகிறது, தீப்பெட்டி மாதிரி. யாரோ நம்மாள், அவனுக்கும் ஒன்றும் தெரியாமல் போய்க்கொண்டிருக்கிறான்.

ஆறு எல்லையாக இருக்கும் இடத்தில் எல்லாம் இதே சங்கதிதான். இக்கரைக்கு அக்கரை பச்சை என்று சும்மாவா சொன்னார்கள்? ஓரிகனைப் பார்க்க வாஷிங்டனில் நிற்க வேண்டும். அதனால் எந்த எல்லை என்று முடிவு செய்துவிட்டு, எந்தக் கரை என்றும் கேளுங்கள். உங்கள் ஸ்னேக் ஆற்றுப் பாலத்தில் நடந்த தப்பும் அதுதான். குறுக்கே தாண்டினீர்கள். எல்லையோடு கூடவே போயிருக்க வேண்டும்.

போய்சியிலிருந்து டேல்ஸ் என்கிற ஊர் ஐந்து மணி நேரம். நீங்கள் கிழக்கிலிருந்து வருவது நல்லதாகப் போயிற்று. டேல்ஸில் ஆண்டு மழை 15 அங்குலத்துக்கும் கீழே, மலை முழுக்கக் காய்ந்த புல். அங்கே பாலம் தாண்டி 14ஐப் பிடித்து மேற்கே போங்கள். 40 மைலுக்குள் மழை 70 அங்குலத்தைத் தாண்டிவிடும். ஒவ்வொரு வளைவுக்கும் பச்சை கூடிக்கொண்டே வருவதைக் காரில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். கேப் ஹார்ன் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, பிரிட்ஜ் ஆஃப் த காட்ஸ் பாலத்தில் ஓரிகனுக்கு வாருங்கள். 1926இல் திறந்த பாலம். தளம் இரும்புக் கம்பி வலை, குனிந்தால் கீழே ஆறு ஓடுவது தெரியும். பையன் கத்துவான். பழைய நெடுஞ்சாலையில் வந்து விஸ்டா ஹவுஸில் நிறுத்துங்கள். 1918இல் கட்டி முடித்த எண்கோணக் கல் கட்டடம், ஆற்றுக்கு மேல் 700 அடிக்கும் அதிக உயரத்தில் ஒரு முனையில் உட்கார்ந்திருக்கிறது. காரை விட்டு இறங்கினால் பத்தடியில் காட்சி. அப்பா முட்டிக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? ஒன்று மட்டும்: காற்று. தொப்பி போட்டிருந்தால் கையில் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பக்கத்திலேயே வேண்டுமென்றால் ஹெல்ஸ் கேன்யன். அதுவும் உங்கள் ஸ்னேக் ஆறுதான், அதே ஐடஹோ–ஓரிகன் எல்லைதான். வெங்காய வயலில் பார்த்த ஆறா இது என்று இருக்கும். மலை உச்சியிலிருந்து ஆறு வரை கணக்கெடுத்தால் 7,993 அடி, கிராண்ட் கேன்யனைவிட ஆழம். கேம்பிரிட்ஜ் ஊரிலிருந்து நெடுஞ்சாலை 71இல் போனால் பிரவுன்லீ அணைக்குக் கீழே ஓரிகனுக்குத் தாண்டி, ஆக்ஸ்போவில் மறுபடி ஐடஹோவுக்கு வந்து, ஆற்றோரமாகவே ஹெல்ஸ் கேன்யன் அணை வரை சாலை போகும். ஆனால் அடியில் நின்றால் ஆழம் தெரியாது, சுவர்தான் தெரியும். மேலே ஹேட் பாயின்ட் போனால் தெரியும், அதற்குச் செங்குத்தான சரளைக்கல் சாலை. ஜூலையில் கீழே 100 டிகிரியைத் தாண்டும். வயசானவரைக் கூட்டிப்போக நான் யோசிப்பேன்.

டாஹோ ஏரியைப் பற்றியும் யாராவது சொல்வார்கள். அழகுதான், மறுக்கவில்லை. கலிபோர்னியா–நெவாடா எல்லை அந்தத் தண்ணீருக்கு நடுவில்தான் திசை மாறி வளைகிறது. நெவாடா கரையில் நின்று கலிபோர்னியா மலைக்குப் பின்னால் சூரியன் விழுவதைப் பார்க்க வேண்டும், அங்கேயும் எதிர்க்கரைதான். 1872–73இல் வான் ஷ்மிட் என்பவர் அளந்த சாய்கோடு சரியில்லை என்று 1890களில் திரும்ப அளந்தார்கள். ஆனால் ஜூலை நெரிசலில் கார் நிறுத்த இடம் தேடியே பாதி நாள் போய்விடும்.

போய்சி_வாசி எழுதியது:

அண்ணா, ரொம்ப நன்றி. முழுவதையும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். 1,800 அடி தள்ளி நட்ட கல் விஷயத்தில் ஒரு அரை மணி நேரம் சந்தோஷமாக இருந்தார். "எங்க ஆளுங்க இப்படி நட்டிருந்தா மெமோ குடுத்திருப்பாங்க" என்கிறார். அவருக்கு ஒரு சந்தேகம்: ஆறுதான் எல்லை என்றால், ஆறு தடம் மாறினால் எல்லையும் கூடவே போகுமா?

ஒமாஹா_ஓரம் எழுதியது:

அந்தக் கேள்விக்கு நான் தினமும் பதிலைத் தாண்டித்தான் விமான நிலையத்துக்குப் போகிறேன். கரை கொஞ்சம் கொஞ்சமாக அரித்து ஆறு நகர்ந்தால் எல்லையும் நகரும். ஒரே வெள்ளத்தில் வெட்டிக்கொண்டு புதுத் தடம் போட்டால் எல்லை பழைய தடத்திலேயே நிற்கும். 1877இல் மிசௌரி ஆறு இங்கே அப்படித்தான் தாவியது. 1892இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அதனால் நெப்ராஸ்கா கரையில் கார்ட்டர் லேக் என்று அயோவாவின் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒமாஹா நகரத்திலிருந்து ஒமாஹா விமான நிலையத்துக்குப் போகிற வழியில் "அயோவா" பலகை வரும். அழகா என்று மட்டும் கேட்காதீர்கள்.

மூடுபாலம் எழுதியது:

கிழக்கை யாரும் கண்டுகொள்ளவில்லை. வெர்மான்ட்–நியூ ஹாம்ப்ஷயர் நடுவே கனெக்டிகட் ஆறு. எல்லை ஆற்றின் நடுவில் இல்லை. வெர்மான்ட் பக்கத்துத் தாழ்நீர்க் கோட்டில் இருக்கிறது, 1933இல் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்த வழக்கு. ஆக ஆறே நியூ ஹாம்ப்ஷயருடையது. வெர்மான்ட்காரர் இறங்கிக் கால் நனைத்தால் அடுத்த மாநிலத்தில் நனைக்கிறார். கார்னிஷ்–வின்ட்சர் இடையே 1866இல் கட்டிய மரக்கூரைப் பாலம் இருக்கிறது, சுமார் 449 அடி. நுழைவாயிலில் "குதிரையை நடத்திக்கொண்டு போ, இல்லையென்றால் 2 டாலர் அபராதம்" என்ற பலகை இன்றும் தொங்குகிறது. லாரிக்கார அண்ணன் சொன்னது இங்கேயும் சரி: நியூ ஹாம்ப்ஷயர் கரையில் நின்றால்தான் பாலத்துக்குப் பின்னால் அஸ்கட்னி மலை தெரியும். அக்டோபர் தொடக்கத்தில் இலை சிவக்கும்போது வாருங்கள். ஜூலையில் வேண்டாம், கொசு.

மலையேறி_மாலா எழுதியது:

அப்பா சைக்கிள் ஓட்டுவாரா? ஏன் கேட்கிறேன் என்றால், ஐடஹோ–மொன்டானா எல்லையில் ஹயவாதா பாதை என்று ஒன்று இருக்கிறது. மில்வாக்கி ரயில் கம்பெனி விட்டுப்போன தண்டவாளப் பாதை, இப்போது சைக்கிளுக்கு. 15 மைல், முழுக்க மெல்லிய இறக்கம், பெடல் மிதிக்கும் வேலையே கம்மி. திரும்பி மேலே வரப் பஸ் இருக்கிறது. ஏழு உயரமான பாலங்கள், நிறையச் சுரங்கம். முதல் சுரங்கமே 1.66 மைல். மொன்டானாவில் நுழைந்து ஐடஹோவில் வெளியே வருவீர்கள். எல்லை அந்த இருட்டுக்குள் இருக்கிறது, சுவரில் குறி போட்டிருப்பார்கள். ஹெட்லைட் கட்டாயம். ஜூலையிலும் உள்ளே நடுங்கும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். போய்சியிலிருந்து ஒரு முழு நாள் ஓட்ட வேண்டும், அதுதான் ஒரே குறை.

போய்சி_வாசி எழுதியது:

மாலா, நீங்கள் எழுதியதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே அப்பா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். சைக்கிள் ஓட்டுவாராவது! சர்வீஸ் முழுக்க அளவுச் சங்கிலியையும் கேரியரில் எஃப்.எம்.பி. (புல அளவுப் புத்தகம்) கட்டையும் கட்டிக்கொண்டு சைக்கிளில்தான் ஊர் ஊராகப் போனவர். நடந்தால்தான் முட்டி வலிக்கும், இறக்கத்தில் சைக்கிள் என்றால் வலிக்காதாம். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன்.

லாரிக்கார அண்ணா கோபித்துக்கொள்ளக் கூடாது. கொலம்பியா ஆற்று போட்டோக்களையும் காட்டினேன், "நல்லாருக்கு" என்றார். ஆனால் நேற்று ராத்திரியிலிருந்து ஒரே பேச்சு: மலை உச்சியில் தண்ணீர் பிரியும் முகடுதானே எல்லை, அந்தக் கோட்டை நேர் கீழே சுரங்கத்துக்குள் எப்படி இறக்கினார்கள், யார் அளந்தது, குறி ஒரு சுவரில் மட்டும் இருக்கிறதா இரண்டு சுவரிலுமா. பேரனிடம் டேப் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறார்.

மாலா, உள்ளே அந்தக் குறிக்குப் பக்கத்தில் சைக்கிளை ஓரமாக நிறுத்தி ஐந்து நிமிடம் நிற்க விடுவார்களா?