அப்டேட்: பி.பார்ம் (பார்மசி டிகிரி) முடிச்சிட்டு எம்பிபிஎஸ் போலாமான்னு கேட்டேன்ல

கோரிப்பாளையம் பக்கம் மெடிக்கல்ல வேலை பாத்துக்கிட்டே போன வருஷம் இங்க புலம்புனது ஞாபகம் இருக்கா, சீட்டு கெடச்சிருச்சு மக்களே! கவர்மென்ட் காலேஜ், ஊர் பேரு வேணாம்.

அப்ப நெறைய பேரு லேட்டரல் என்ட்ரி, அதாவது நேரா செகண்ட் இயர்ல சேர்ற வழி இருக்குன்னீங்க. அப்படி ஒண்ணும் கெடையாது, பி.பார்ம் என்ன, பார்மசில அத விடப் பெரிய படிப்பான ஃபார்ம்.டியே முடிச்சிருந்தாலும் பிளஸ் டூ பசங்களோட நீட் எழுதிதான் வரணும், நாலரை வருஷம், அப்புறம் ஒரு வருஷம் இன்டர்ன்ஷிப், ஒரு நாள் கூட குறையாது. வயசு வரம்ப 2022லயே எடுத்துட்டாங்க, அதனாலதான் இந்த 29 வயசுல நான் உள்ள வந்தேன்.

நீட்ல மொத்த மார்க்கு 720ல பயாலஜிக்கு மட்டும் 360, அது பரவால்ல. பிசிக்ஸ்தான் உசுர வாங்குச்சு, ராத்திரி கடை ஷட்டர இறக்கிட்டு கல்லா மேலயே நோட்ட விரிச்சு கணக்கு போட்டு, தப்பாப் போனா மைனஸ் ஒண்ணு வேற.

இப்ப ஃபர்ஸ்ட் இயர். மருந்து பத்துன பாடமான பார்மகாலஜி செகண்ட் இயர்லதான், அதுவரைக்கும் நம்ம மாத்திரை அறிவுக்கு மதிப்பே இல்ல, அனாட்டமில நானும் பதினெட்டு வயசுப் பயலும் ஒண்ணுதான். ஆனா அவிங்க என்னைய அண்ணேன்னு கூப்புட்டு தலவலிக்கு மாத்திரை கேக்குறாய்ங்க.

எம்பிபிஎஸ் சேந்தா பார்மசி ரிஜிஸ்ட்ரேஷன விட்றலாமான்னு முன்னாடி இன்பாக்ஸ்ல கேட்ட தம்பிக்கு: பார்மசி கவுன்சில் ரிஜிஸ்ட்ரேஷன விட்றாத, ரினியூ பண்ணி வையி.