மேஹல் பழத்தின் ‘அந்த’ நிலைக்கு ஒரு சொல் வேண்டும் (திங்களுக்குள்)

அனைவருக்கும் வணக்கம்.

உத்தராகண்ட் மலைமரங்கள் பற்றிய சிறுவர் நூல் ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டும். குமாவுன் பக்கம் மேஹல் என்றும் இமாச்சலில் கைந்த் என்றும் சொல்லும் காட்டுப் பேரியில் மாட்டிக்கொண்டேன். தாவரவியலில் பைரஸ் பாஷியா. இளங்கிளைகளில் முள், வசந்தத்தில் மரம் முழுக்க வெள்ளைப் பூ, நடுவில் சிவந்த மகரந்தப்பைகள். பழம் கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிது, பழுப்புத் தோலில் வெளிர்ப் புள்ளிகள். பறித்தவுடன் கடித்தால் ஒரே துவர்ப்பு, மணல் மணலாகக் கடிபடும். பறித்துச் சில நாள் போட்டுவைத்து, உள்ளே கறுத்துக் குழைந்த பிறகுதான் இனிக்கும். அழுகலும் இல்லை, வெறும் பழுத்தலும் இல்லை. ஆங்கிலத்தில் பிளெட்டிங். தமிழில்?
— செ.

> அழுகலும் இல்லை, வெறும் பழுத்தலும் இல்லை

தம்பி, சொல் நம்மிடமே இருக்கிறது: ஊழ்த்தல். முதிர்தல், பதனழிதல் (பதம் கெடுதல்) இரண்டும் அதன் பொருள்கள். மலர்தலும் உண்டு; ‘இணரூழ்த்தும் நாறா மலர்’ என்ற குறளை (650) நினைத்துக்கொள்ளுங்கள். பூத்து, முற்றி, கெடுவது வரை ஒரே வினை. இதைவிடப் பொருத்தம் எங்கே கிடைக்கும்?
— பு.

புலவர் ஐயா, நான் ஏழாம் வகுப்புக்குப் பாடம் எடுப்பவள். ‘பழம் ஊழ்த்தது’ என்றால் ஒருவன் ஊழ்வினையா என்பான், இன்னொருவன் பழத்திலுமா ஊழல் என்பான். ‘பழுக்கப் போடுதல்’ போதாதா? சப்போட்டாவை அரிசிப் பானைக்குள் வைப்பதும் இதே கதைதானே?
— வா.

டீச்சர், ஊழல் என்ற சொல்லுக்கே முதலில் அழுகல் என்றுதான் பொருள். லஞ்சம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. மாணவன் சரியாகவே கேட்கிறான்!
— பு.

சப்போட்டா பழுப்பதோடு நின்றுவிடுகிறது. இது பழுத்தலைத் தாண்டிய நிலை. நாகர்கோவிலில் எங்கள் வீட்டில் சோறு குழைந்தால் ‘அளிஞ்சு போச்சு’ என்பார்கள். பழத்துக்கும் அதே சொல். அகராதியிலும் அளிதல் என்றால் மிகக் கனிதல், குழைதல். அளிந்த பழம் என்றே எழுதலாம்.
— ம.

மலையாளத்தில் ‘அளிஞ்ஞ’ பழம் என்றால் குப்பைக்குப் போக வேண்டிய பழம். தவிர, நம்மில் பாதிப் பேருக்கு ளகரமும் ழகரமும் ஒன்று. ‘அழிந்த பழம்’ என்று வாசித்துவிட்டு அடுத்த பக்கம் போவார்கள். அதோடு ‘அளி’ அருள், கொடை, வண்டு என்று ஏற்கெனவே சுமை தூக்குகிறது. இன்னொன்று: பேரியே போர்த்துகீசிய வரவு. அதற்கு முதலில் தமிழ்ச் சொல் காண்போம்.
— பு.

ஐயா, பேரியை விட்டுவிடுங்கள். பழுத்த பிறகும் நாம் அதைப் பேரிக்காய் என்றுதான் வாங்குகிறோம். ‘அளிந்த பேரிக்காய்’ என்று அட்டைப்படத்தில் போட்டுப் பாருங்கள்!
— வா.

தாவரவியல் படித்தவன் என்ற முறையில் ஒன்று. இங்கே நடப்பது கிருமி வேலை அல்ல. பழத்தின் சொந்த நொதிகளே செல் சுவர்களைத் தளர்த்துகின்றன. துவர்ப்புக்குக் காரணமான டானின் குறைகிறது, அமிலமும் குறைகிறது, இனிப்பு மேலே வருகிறது. எனவே ‘கெடு’, ‘அழுகு’ வாடை வீசும் சொல் வேண்டாம். ஊழ்த்தலில் பதனழிதல் ஒளிந்திருப்பதால் அதையும் தள்ளுவேன். ‘மென்கனிவு’ எப்படி?
— ந.

மென்கனிவா? சோப்பு விளம்பரம் மாதிரி இருக்கிறது. பிளெட்டிங் வந்த கதையைப் பாருங்கள். 1835இல் அந்தச் சொல்லை உருவாக்கிய ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஜான் லிண்ட்லி லத்தீனில் வேர் தேடவில்லை. ‘புவார் பிளெத்’ என்று பிரெஞ்சில் குழைந்த பேரிப் பழத்துக்கு வழங்கிய சொல்லை எடுத்து ஆங்கில வால் ஒட்டினார், அவ்வளவுதான். பழக்கடைச் சொல் கலைச்சொல் ஆகலாம் என்றால் நாகர்கோவில் அடுக்களைச் சொல் ஏன் ஆகக்கூடாது?
— ம.

நேற்று இரவு வரை காத்திருந்தேன். தனி மடலில் வந்ததையும் சேர்த்தால் அளிதலுக்கு நாலு பேர், ஊழ்த்தலுக்கு ஒருவர், மென்கனிவுக்கு ஒன்றரை (டீச்சர் ‘பரவாயில்லை’ என்றார்). நூலில் இப்படிப் போகிறது: “மேஹல் பழத்தை உடனே தின்ன முடியாது. வைக்கோலில் போட்டு அளிய விட வேண்டும். உள்ளே கறுத்துக் குழைந்ததும் இனிக்கும்.” சொல் புரியாதவனுக்கு வாக்கியமே புரியவைத்துவிடும். மரத்தின் பெயர் மேஹல்தான், முதல் இடத்தில் மட்டும் ‘இமயக் காட்டுப் பேரி’.

அடுத்த பத்தி சுலபம். மேஹல் விதையை ஈரத்தோடு குளிரில் வைத்து முளைக்க வைத்து, அந்தக் கன்றின் மேல் தோட்டத்துப் பேரியை ஒட்டுக் கட்டுகிறார்கள். கீழே நிற்பது ‘வேர்ச்செடி’. இதில் யாருக்கும் சண்டை இல்லையே?
— செ.

அளிதலுக்கு என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். ‘வேர்ச்செடி’யும் சரியில்லை. வேர் எந்தச் செடிக்குத்தான் இல்லை? விரிவாக இரவு எழுதுகிறேன்.
— பு.